சாத்தான்குளம் வட்டாரத்தில் உழவர் மானியமும் பட்டாவும்

மானியம் என்னும் சொல் முற்காலத்தில் பணத்தைக் குறிக்கவில்லை. கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலமே மானியம் எனப்பட்டது. அரசு உழவருக்குத் தரும் உதவித்தொகை என்ற பொருள் பிற்காலத்தில் வந்தது.

தூத்துக்குடி மாவட்டத்தில் கருமேனி ஆற்றை ஒட்டியுள்ளது சாத்தான்குளம் வட்டம். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. செம்மணல் தேரியும் பனையும் நிறைந்த மானாவாரிப் பகுதி இது. கிணறும் குளமும் உள்ள இடங்களில் வாழையும் தென்னையும் முருங்கையும் உண்டு. மழை பொய்த்தால் கடன்தான் கதி என்பது இங்குள்ள பழைய நிலை.

தொடக்கம்

1801-இல் திருநெல்வேலிச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. பின்னர் இரயத்துவாரி முறை நிலைபெற்றது. பட்டா யார் பெயரில் உள்ளதோ அவரே அரசுக்குத் தீர்வை கட்ட வேண்டியவர். கிணறு வெட்டவும் விதை, மாடு வாங்கவும் அரசு தந்த கடன் 'தக்காவி' எனப்பட்டது. 1883, 1884 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதை முறைப்படுத்தின. ஆனால் அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடனே.

விடுதலைக்குப் பின்

தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளின் பம்புசெட்டுகளுக்கு 1984-இலும், அனைத்து விவசாயிகளுக்கும் 1990-இலும் இலவச மின்சாரம் கிடைத்தது. இதனால் கிணற்றுப் பாசனத்தார் பயன் பெற்றனர். வானம் பார்த்த நிலத்தாருக்குப் பயன் குறைவு. கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தள்ளுபடி செய்யப்பட்டன. 2021-இல் மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது.

வங்கிக் கணக்கில் பணம்

2019 பிப்ரவரி 24 அன்று பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக, நிலமுள்ள விவசாயக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் நேரே செலுத்தப்படுகிறது. முதலில் 2 எக்டேர் வரை நிலமுள்ளோருக்கு மட்டும் என்றிருந்தது. அதே ஆண்டில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர் இதில் சேர முடியாது.

2020-இல் தமிழ்நாட்டில் இத்திட்டத்தில் பெரும் முறைகேடு வெளிப்பட்டது. தகுதியற்ற 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் சென்றிருந்தது. குற்றப்பிரிவு சி.ஐ.டி. விசாரித்தது, பணத்தைத் திரும்பப் பெறும் பணியும் நடந்தது. அதன்பின் சரிபார்ப்பு கடுமையாயிற்று.

விடுபடுவோர்

சரிபார்ப்பு கடுமையானதால் மோசடி குறையும். ஆனால் உண்மையாக உழைப்பவர் சிலரும் அதில் சிக்குவர். இறந்த தந்தையின் பெயரிலேயே பட்டா இருப்பதும், கூட்டுப் பட்டாவில் உள்ளோர் பிழைப்புக்காகச் சென்னை, மும்பை என்று பிரிந்திருப்பதும் இவ்வட்டாரத்தில் வழக்கம். 1969 ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருந்தும், வாய்மொழிக் குத்தகைகள் ஏட்டில் ஏறுவதில்லை. பிறர் பனையைப் பாட்டத்துக்கு எடுத்துப் பதநீர் இறக்கும் தொழிலாளிக்கு நிலமும் இல்லை, மரமும் இல்லை. ஆகவே இந்த 6,000 ரூபாயும் இல்லை.

அன்று தீர்வை வசூலிக்க உதவிய பட்டாவே இன்று உதவித்தொகை பெறுவோரை முடிவு செய்கிறது. நிலத்தின் உடைமையாளர் யார் என்பதைப் பட்டா சொல்லும். அதில் பாடுபடுபவர் யார் என்பதைச் சொல்லாது.