கரிகாலனைக் கொன்றது யார், சார்?

1954 மே மாதம். நீங்கள் 'கல்கி' பத்திரிகையின் வாசகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை வருஷமாக வாராவாரம் ஒரே கதையைப் படித்து வந்திருக்கிறீர்கள். 1950 அக்டோபரில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்தபோது அவன் பின்னாலேயே நீங்களும் கிளம்பினீர்கள். கடம்பூர் மாளிகையில் ஒளிந்திருந்து சதியாலோசனையை ஒட்டுக் கேட்டீர்கள். தஞ்சாவூர், பழையாறை, கோடிக்கரை, இலங்கை என்று சுற்றினீர்கள். முதல் அத்தியாயம் வந்த வாரத்தில் உங்கள் வீட்டில் பிறந்த குழந்தை இப்போது ஓடியாடுகிறது, மழலையில் மணியம் வரைந்த படத்தைக் காட்டி 'குதி, குதி' என்கிறது.

இந்த வாரம் கடைசி அத்தியாயம். தலைப்பு, 'மலர் உதிர்ந்தது'. வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்த மணிமேகலை, அவன் அருகிலிருக்கும்போதே உயிரை விடுகிறாள். முற்றும்.

என்னது, முற்றுமா? குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் எங்கே? நந்தினி என்ன ஆனாள்? எல்லாவற்றையும் விட, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? ஐந்து பாகம் எழுதிவிட்டு இதைச் சொல்லாமலா போவது?

சும்மா விடுவார்களா நம் மக்கள்? கடிதங்கள் வந்து குவிந்தன. கல்கி பேனாவை மறுபடி எடுத்தார். இன்றைக்கு 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தின் கடைசியில் 'முடிவுரை' என்று சில பக்கங்கள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தமிழின் மிகப் பிரபலமான எழுத்தாளர், வாசகர் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறி நின்று சொன்ன பதில் அது.

அவர் வாதத்தின் சாரம் இதுதான். கற்பனைக் கதையென்றால் எல்லாரையும் ஒரு கரை சேர்த்துவிடலாம். சரித்திரக் கதையில் முடியாது. சரித்திரம் பாட்டுக்கு மேலே ஓடிக்கொண்டே இருக்கும், எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆகவேண்டும். கையில் வந்த மகுடத்தை அருள்மொழிவர்மன் சித்தப்பாவுக்குக் கொடுத்தானே, அந்தத் தியாகம்தான் சிகரம். அதற்கு மேல் ஏறுவதற்கு இடமில்லை. இப்படிச் சொல்லிவிட்டு, போனால் போகிறதென்று, கதைக்குப் பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்பதையும் சொன்னார். குந்தவை கல்யாணம் உட்பட.

அந்தக் கல்யாணத்துக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிப்பிடுகிறது. கல்கிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் மேளம் கொட்டவில்லை. வாசகர் கல்யாணச் சாப்பாட்டுக்கு இலை போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தது துக்கச் செய்தி.

என்னைக் கேட்டால், கல்கியின் வாதத்தில் பாதிதான் சரி என்பேன். கொலை விஷயத்தில் அவர் சொல்வது நியாயம். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி என்று ஊர். அங்கே அனந்தீசுவரம் கோயிலில் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த புதிதில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்லி, அவர்கள், உறவினர்கள் சொத்தையெல்லாம் பறிமுதல் செய்த விவகாரத்தைப் பேசுகிறது. சரி, கத்தியைத் தூக்கியவர்கள் இவர்கள். தூக்கச் சொன்னது யார்? கல் வாயைத் திறக்கவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் சந்தேக விரலை உத்தம சோழன் பக்கம் நீட்டினார். சதாசிவ பண்டாரத்தார் 'கிடையாது' என்று மறுத்தார். பெரிய பெரிய பேராசிரியர்களே தீர்க்காத கேஸை ஒரு வாரப் பத்திரிகை நாவலாசிரியர் எப்படித் தீர்ப்பார்? நாவலில் நந்தினி, பெரிய பழுவேட்டரையர், ரவிதாசன் என்று ஓர் இருட்டறையில் எல்லாரையும் நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டார். அது கெட்டிக்காரத்தனம்.

ஆனால் மற்ற விஷயங்கள்? நூம்பலில் என் தெருவில் ஒரு ரிடையர்டு வாத்தியார் வீட்டில், அவருடைய அப்பா பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய பொன்னியின் செல்வன் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'மீதி எங்கே?' மூன்றரை வருஷம் காசும் நேரமும் போட்டவரின் கேள்வி அது. நான் பி.காம். படித்தவன், எனக்கு அது பாக்கித் தொகை கேட்டு வந்த நோட்டீஸ் மாதிரிதான் தெரிகிறது. கொலைகாரன் பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஆனால் குந்தவை முகத்தையாவது கடைசியாக ஒருமுறை காட்டியிருக்கலாமே? முடிவுரையில் தகவலாகச் சொல்வது வேறு, காட்சியாகக் காட்டுவது வேறு.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1893 டிசம்பரில் ஆர்தர் கோனன் டாயில், 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். ஆயிரக்கணக்கில் சந்தாவை நிறுத்தினார்கள் என்பார்கள். 1903-ல் ஹோம்ஸ் சாகவேயில்லை என்று திரும்ப அழைத்து வர வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேமிலும் இதே கதை. 2012-ல் 'மாஸ் எஃபெக்ட் 3' வந்தது. மூன்று பாகமாக, நூறு மணிநேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஆடியவர்கள், 'நாங்கள் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் கடைசியில் மரியாதையே இல்லையே' என்று கொதித்துப்போனார்கள். சில மாதத்தில் கம்பெனி முடிவை நீட்டி, விளக்கி, இலவசமாகவே கொடுத்தது. கல்கி எழுதிய முடிவுரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்?

முடிக்காமலே இருப்பது இன்னொரு வகை. டி.வி. சீரியல். 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல் ஓடியது. இதில் கணக்கு எளிது. ஓடுகிற சீரியல் என்பது விளம்பரம் வந்து விழும் உண்டியல். தினமும் நிரம்புகிற உண்டியலை எந்த முதலாளி மூடுவான்? அதனால் கதை கிளை விடும், கிளை குட்டி போடும், செத்தவர் திரும்பி வருவார். பிறகு என்றோ ஒருநாள் ரேட்டிங் சரிந்ததும் 'அடுத்த வாரம் நிறைவு' என்று அவசரமாக மூட்டை கட்டுவார்கள். எங்கள் நூம்பலிலிருந்து பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் போனால் 'பிக் பாஸ்' வீடு போட்ட பிலிம் சிட்டி வரும். அந்த நிகழ்ச்சியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், நூறு நாளில் முடியும் என்று முதல்நாளே தெரியும். கடைசியில் ஒருத்தர் கையில் கோப்பை இருக்கும். அந்த நேர்மை மெகா சீரியலுக்கு இல்லை.

கல்கிக்கும் இதே சபலம் வந்திருக்க வேண்டும். பத்திரிகையை வாங்க வைத்த கதை அது, இன்னும் இரண்டு பாகம் இழுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இழுக்கவில்லை. விற்றுக்கொண்டிருந்த சரக்கை அவரே நிறுத்தினார். இதற்காக அவருக்கு ஒரு சல்யூட்.

மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதிக் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் 'உடையார்' எழுதினார். மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகப் படமெடுத்து, கரிகாலன் சாவுக்குத் தன்னுடைய விடை ஒன்றைச் சொன்னார். தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் 'நாவலில் இப்படி இல்லையே' என்று மறுபடி ஆரம்பித்தார்கள். 1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதிலிருந்து, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். புத்தகக் கண்காட்சியில் ஸ்டாலுக்கு ஸ்டால் ஐந்து பாகமும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விடை தெரியாத கேஸ் எழுபது வருஷமாக விற்கிறது!

அந்த 1954-லேயே கல்கி அடுத்த தொடரையும் ஆரம்பித்திருந்தார். பெயர் 'அமரதாரா'. வாசகர்கள் வழக்கம்போல் வாராவாரம் காத்திருந்தார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானார், ஐம்பத்தைந்து வயது. கதை நடுவில் நின்றது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1870-ல் 'எட்வின் ட்ரூட்' நாவலைப் பாதியில் விட்டுவிட்டு இறந்தார், பன்னிரண்டு பகுதியில் ஆறுதான் வந்தது. குற்றவாளி யார் என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். அமரதாராவுக்கு அந்தக் கதி வரவில்லை. அப்பா விட்டுப்போன குறிப்புகளை வைத்துக்கொண்டு மகள் ஆனந்தி உட்கார்ந்து மீதியை எழுதினார். தொடர் பத்திரிகையில் வந்து முடிந்தது.