பத்துக் கஜ எல்லை

பீகாரின் வடகோடியிலுள்ள ரக்ஸௌல் நிலையத்தில் இரயிலை விட்டிறங்கும் பிரயாணி, ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு சிர்ஸியா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் நேபாள நாட்டு வீர்கஞ்சை அடைந்துவிடுவார். இந்தியராயின் அவரிடம் விசாவோ கடவுச்சீட்டோ கேட்பதில்லை; அடையாள அட்டையொன்று கைவசம் இருத்தல் நலம். கைக்கடிகாரத்தைக் கால்மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத்தை முக்திநாத்தில் கண்டு தொழச் செல்லும் நம் நாட்டு யாத்திரிகருக்கும் இவ்வசதி உண்டு.

இவ்வுரிமை 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அளித்த கொடை என்று கருதுவோர் பலர். வரலாறு அவ்வளவு எளிதாயில்லை. 1814-இல் மூண்ட போரின் முடிவில் சுகௌலியில் எழுதப்பட்டு, 1816 மார்ச்சில் உறுதிசெய்யப்பட்ட உடன்படிக்கை, கிழக்கே மேச்சி நதியையும் மேற்கே மகாகாளியையும் நேபாளத்தின் எல்லைகளாக்கியது. சமவெளியில் தூண்கள் நாட்டப்பட்டன. தூண்களின் இருபுறமும் பத்துப் பத்துக் கஜ நிலம் வெறுமையாய் விடப்பட்டது. ‘தசகஜா’ என்று அதற்கு இன்றும் பெயர். ஆனால் அந்நிலத்தைத் தாண்டும் குடியானவனைத் தடுத்து நிறுத்துவார் இல்லை.

நிறுத்தாமைக்குக் காரணம் பெருந்தன்மை மட்டுமன்று. ஆங்கிலேயருக்குக் கூர்க்கா வீரர்கள் தேவைப்பட்டனர். இருப்புப்பாதைக்குத் தராய்க் காட்டுச் சால மரம் தேவைப்பட்டது. நேபாள அரசருக்கோ, அக்காட்டைத் திருத்தி வரி செலுத்தும் உழவர் தேவைப்பட்டனர். மக்களோ இவை எதையும் கேட்டு நடந்தவர்கள் அல்லர். மைதிலியும் போஜ்புரியும் அவதியும் இருபுறமும் வழங்கின. பெண் கொடுப்பதும் கொள்வதும் தூண்களைப் பார்த்து நடைபெறவில்லை.

எல்லை இவ்வாறு திறந்திருக்க, கதவு வேறோரிடத்தில் இருந்தது என்பதே நாம் மறந்துவிட்ட செய்தி. ராணாக்கள் ஆட்சியில், தராய்ச் சமவெளியில் விருப்பம்போல் திரியலாம். காட்மாண்டுப் பள்ளத்தாக்கினுள் நுழைய ‘ராஹதானி’ என்னும் அநுமதிச் சீட்டு வேண்டும். சிவராத்திரிக்குப் பசுபதிநாதரைத் தரிசிக்க வருவோருக்கு மட்டும் இக்கட்டு தளர்த்தப்பட்டது. 1927-இல் ரக்ஸௌலிலிருந்து அமலேக்கஞ்ச் வரை சிறு இரயில் ஓடலாயிற்று. அப்பால் பீம்பேடி வரை மோட்டார். அதற்கு மேல் சீசாபானிக் கடியும் சந்திரகிரியும் ஏறி இறங்க வேண்டும். பிரபுக்களின் மோட்டார் வண்டிகளைக் கூலியாட்கள் தோளில் சுமந்து மலையேற்றிய காலம் அது! வாகனம் மனிதனின் மேலேறிச் சென்ற விந்தையை வேறெங்கும் எளிதில் காணவியலாது.

1950 ஜூலை 31 அன்று பிரதமர் மோகன் சம்ஷேர் ராணா கையெழுத்திட்ட உடன்படிக்கை, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் வசிக்கவும் சொத்து வாங்கவும் வாணிபம் செய்யவும் நடமாடவும் சம சலுகை அளித்தது. ‘திறந்த எல்லை’ என்ற சொல் அதில் இல்லை. பழைய வழக்கத்திற்கு அது எழுத்துருவம் தந்தது. சில மாதங்களில் ராணா ஆட்சியே வீழ்ந்தது; ராஹதானியும் மறைந்தது. 1950-களில் இந்தியப் பொறியாளர் அமைத்த திரிபுவன் ராஜபாதை மலைத்தடையையும் போக்கிற்று.

அதன்பின் எல்லை இறுகியபோதெல்லாம் காரணம் வெவ்வேறாயிருந்தது. 1989-இலும் 2015-இலும் சரக்குகள் தேங்கின. கால்நடையாய்ச் செல்வோர் சென்றுகொண்டுதான் இருந்தனர். 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து புறப்பட்ட இந்திய விமானம் கடத்தப்பட்டதன் பின், 2000 அக்டோபர் முதல் விமானப் பிரயாணிகள் அடையாள ஆவணம் காட்டும் விதி வந்தது. தரைவழி மட்டும் பழையபடியே விடப்பட்டது.

தரைவழியும் 2020 மார்ச்சில், பெருந்தொற்றின் பொருட்டு மூடப்பட்டது. மகாகாளியின் இந்தியக் கரையில் தார்ச்சூலா நகரம். எதிர்க்கரையில் அதே பெயரில் நேபாள நகரம். இடையே ஒரு தொங்குபாலம். வேலையிழந்து ஊர் திரும்பிய நேபாளத் தொழிலாளர் அடைபட்ட பாலத்தின் முன் நின்றனர். சிலர் பனிநீர் பாயும் ஆற்றில் இறங்கி நீந்தினர். அம்மாதங்களில் பாலம் அவ்வப்போது சில நாட்களுக்குத் திறக்கப்பட்டதுண்டு. இந்திய இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நேபாளிகள், அக்கரையிலிருந்து வந்து ஓய்வூதியத்தைப் பெற்றுச் செல்வதற்காக.