மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின் கார்கள்



1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் ஒரு மணத்தை மறந்திருக்க மாட்டார்கள். கார் கடந்துபோன பின்னும் வீதியில் நிற்கும் வெண்புகை. அதில் அரைகுறையாக எரிந்த மண்ணெண்ணெயின் நெடி. இங்கே பிறந்த பிள்ளைகளிடம் கார் மண்ணெண்ணெயில் ஓடியது என்றால் கதை விடுகிறோம் என்பார்கள். அது கதையல்ல, வரலாறு. அதற்குள் நல்லதொரு பொறியியல் பாடமும் இருக்கிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து என்று பல பொருட்கள் குடாநாட்டுக்குப் போவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சமாக, பெருவிலையில் கிடைத்தது. பெரும்பாலானோர் சைக்கிளில் திரிந்தார்கள். நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வாடகைக்கு ஓடிய ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களே கைகொடுத்தன. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோதும் முதியவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிய வண்டிகளில் இவையும் இருந்தன.

இந்தக் கார்கள் அவ்வளவு காலம் நின்றுபிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1960களில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு 1977 வரை நீடித்ததால், புதுக் கார் வாங்க வழியின்றி இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டப் பழகியிருந்தோம்.

அவற்றால் மண்ணெண்ணெயில் ஓட முடிந்ததற்குக் காரணம் எஞ்சினின் அமைப்பு. உள்ளே வரும் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை பிஸ்டன் அமுக்கிய பின்னரே பொறி பற்றும். ஒஸ்டின் ஏ40 சொமர்செற் அதை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக அமுக்கியது. இன்றைய கார்கள் பல பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அமுக்குகின்றன. அவ்வளவு அமுக்கினால் மண்ணெண்ணெய் தாறுமாறாக வெடித்து எஞ்சினை இடித்து நொறுக்கும். பழைய எஞ்சினின் 'பலவீனம்' அன்று பலமாயிற்று.

இன்னொரு சிக்கல், குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் பொத்திப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளை கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இதே முறையில்தான் பிரித்தானியாவில் பேர்கசன் டி.ஈ.20 உழவு இயந்திரங்களில் ஒரு வகை, மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளில் ஓடியது. அந்த நிறுவனம் 1953 இல் கனடாவின் மசி-ஹரிசுடன் இணைந்தது; நமது வயல்களில் உழுத மசி பேர்கசன் என்ற பெயர் அப்படி வந்ததே. அங்கே தொழிற்சாலை செய்து கொடுத்ததை, இங்கே கராஜில் நின்ற மெக்கானிக் தன் கையால் செய்தார்.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயிலின் வேலை, உலோகமும் உலோகமும் உரசாதபடி நடுவே மெல்லிய படலமாக நிற்பது. அது தண்ணீராய்ப் போனால் படலம் உடையும், பெயரிங் தேயும். இதில் ஏமாற்றும் விடயம் ஒன்றுண்டு: டிப்ஸ்ரிக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருக்காது, கூடியிருக்கும்! கணக்கு எழுதுபவனுக்கு இது நன்றாக விளங்கும். இருப்புக் கூடியதெல்லாம் இலாபமாகாது. கூடியது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

புவாண்ட்-கிளேரில் நாம் ஓட்டும் கார்கள் மண்ணெண்ணெயை ஏற்காது. எரிபொருளை அளந்து பீய்ச்சும் கணினி, புகையைக் கண்காணிக்கும் உணரிகள், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் எல்லாம் பெற்றோலுக்கென்றே அமைந்தவை. ஆனால் அந்த ஒயில் பாடம் இங்கும் பொருந்தும். பனிக்காலத்தில் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடினால் எஞ்சின் முழுதாகச் சூடேறாது. எரியாத பெற்றோல் ஒயிலில் சேரும். சிலிண்டருக்குள் நேரே பெற்றோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில் இது அதிகம். '0டபிள்யூ-20' என்ற ஒயிலில் டபிள்யூ என்பது வின்ரரைக் குறிக்கும். கடுங்குளிரிலும் இளகி ஓடும் என்று பொருள். அந்த ஒயிலும் பெற்றோல் கலந்தால் கெட்டுவிடும். மட்டம் மேல்கோட்டைத் தாண்டி, பெற்றோல் மணமும் அடித்தால், கிலோமீற்றர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

அன்று அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்மாருக்குக் கைநூல் இருக்கவில்லை. காதால் கேட்டார்கள், மூக்கால் மணந்தார்கள், கையால் தொட்டுப் பார்த்தார்கள். அவர்களின் பெயர்கள் எந்தப் போர் வரலாற்றிலும் இடம்பெறவில்லை. ஆனால் அவர்களால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து பிழைத்தவர்கள் இந்த நகரிலும் இருக்கலாம். உங்கள் வீட்டில் அந்தத் தொழில் தெரிந்த அப்பாவோ மாமாவோ இருந்தால், ஒரு மாலை அருகில் இருந்து கேட்டு எழுதி வையுங்கள். தலைமுறை மாறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.