மணமான ஆசிரியை வேண்டாம்

அயர்லாந்தின் பழைய கிராமப் பள்ளிகள் என்றாலே கணப்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியை வீட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருவார்கள். அதை எரித்து வகுப்பறையைச் சூடாக்குவார்கள். ஒன்றோ இரண்டோ அறைகள், ஒன்றிரண்டு ஆசிரியர்கள். கணப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அதன் அருகில் நின்ற ஆசிரியையைப் பற்றித்தான் கேள்விகள்.

எல்லா மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும் என்று 1831இல் அரசு தொடங்கிய இந்தப் பள்ளிகள், நடைமுறையில் சபைவாரியாகப் பிரிந்துபோயின. சம்பளம் கொடுத்தது அரசு. ஆளை நியமித்தவர் பள்ளி மேலாளர். கத்தோலிக்கப் பள்ளியில் அவர் பெரும்பாலும் பங்குத்தந்தை. அப்படி இரண்டு எசமானர்களுக்கு நடுவில் நின்றவர் இந்த ஆசிரியை.

1934இல் அரசு ஒரு விதி போட்டது. புதிதாகப் பணியில் சேரும் பெண், திருமணமானதும் வேலையை விட்டுவிட வேண்டும். ஆணுக்கு அப்படி எதுவும் இல்லை. கல்வித்துறை சொன்ன காரணங்களைப் படித்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். வேலையில்லாத இளம் ஆசிரியர்களுக்கு இடம் வேண்டுமாம். வீட்டையும் பள்ளியையும் ஒரே பெண்ணால் பார்க்க முடியாதாம். கர்ப்பிணி வகுப்பில் நின்றால் பிள்ளைகளுக்கு வேண்டாத ஆர்வம் வருமாம்! கணவனும் மனைவியும் ஆசிரியர்களாக இருந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு சம்பளம் போகிறதே என்று ஊரார் பொறாமைப்படுவார்களாம்.

இந்தக் கடைசிக் காரணத்தை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். பிரிட்டனோடு நடந்த வர்த்தகச் சண்டையில் மாட்டு விலை விழுந்து சிறு விவசாயிகள் திணறிய காலம் அது. மாதச் சம்பளம் கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆனால் இரண்டு பண்ணை வைத்திருந்தவரிடம் ஒன்றை விட்டுவிடு என்று யாரும் கேட்கவில்லையே.

பழைய ஆசிரியைகளை விதி தொடவில்லை. நாவலாசிரியர் ஜான் மெகாஹெர்னின் தாய் அப்படித் தப்பியவர். லீட்ரிம் பகுதிக் கிராமப் பள்ளிகளில் கற்பித்துக்கொண்டே ஏழு பிள்ளைகளைப் பெற்றார். 1944இல் புற்றுநோயில் இறந்தார். சில ஆண்டுகள் பிந்திப் பணியில் சேர்ந்திருந்தால் மகனுக்கு இந்த ஆசிரியைத் தாய் இருந்திருக்கமாட்டார்.

பிந்திச் சேர்ந்தவர்களுக்கு இரண்டே வழி: கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது, அல்லது படித்துப் பெற்ற தொழிலை விடுவது. அதே காலத்தில் சிறு பள்ளிகளில் பயிற்சி பெறாத பெண்களைத் துணை ஆசிரியைகளாக வைத்துக் காலம் ஓட்டினார்கள். ஆசிரியர் சங்கம் தொடக்கத்திலிருந்தே விதியை எதிர்த்தது. 1958இல், ஜாக் லிஞ்ச் கல்வி அமைச்சராக இருந்தபோது, விதி நீங்கியது. நியாயம் பிறந்ததைவிடப் பயிற்சி பெற்ற ஆட்களின் பற்றாக்குறையே அரசை அசைத்தது என்று நான் நினைக்கிறேன். அரசு அலுவலகப் பெண்கள் 1973 வரை காத்திருந்தார்கள்.

வீட்டுக் கடமைகளைப் புறக்கணித்து உழைக்கும்படி தாய்மாரைப் பொருளாதாரத் தேவை கட்டாயப்படுத்தாதபடி அரசு பார்த்துக்கொள்ள முயலும் என்கிறது 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு. அதை மாற்ற 2024 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 74 விழுக்காட்டினர் மறுத்தார்கள். மாற்று வாசகம் போதாது என்று எதிர்த்த பெண்ணியர்களும் அதில் உண்டு. பழைய வாசகம் இன்னும் அங்கேயே இருக்கிறது.