அன்னத் தூதும் ஒளித்திரையும்

பாண்டிநாட்டுப் பிசிராந்தையார், உறையூரில் வீற்றிருந்த கோப்பெருஞ்சோழனிடம் அன்னச் சேவலைத் தூது விடுப்பதாகப் பாடிய பாட்டு புறநானூற்றில் உண்டு. காணாத நண்பனைச் சொல்லால் எட்ட விழைந்த அவ்வேட்கையே பின்னர் அஞ்சலாகவும் தந்தியாகவும் வானொலியாகவும் வளர்ந்து, இன்று இணையமாக நிற்கிறது. அவ்வளர்ச்சி எல்லையோரத் தமிழர்க்கு எதை அளித்தது, எதை இன்னும் அளிக்கவேண்டும் என்பதைக் கொழிஞ்சாம்பாறையை முன்வைத்து ஆராய்வோம்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் அணித்தாய் அமைந்தது அவ்வூர். தமிழர் திரளாக வாழ்வது. சித்தூர் வட்டம் முன்னர்க் கொச்சி அரசைச் சார்ந்திருந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும், 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரளத்திலும் இணைந்தது. ஆட்சி மாறினும் இல்லத்து மொழி மாறவில்லை. 1939-இல் திருச்சி வானொலி நிலையம் எழுந்தபின் தமிழ் வானலை எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தாது பரவிற்று. ஆயினும் வானொலி ஒருவழிப் பாதையே. கேட்கலாம், வினவ இயலாது.

இணையமோ இருவழிப் பாதை. 1991-இல் யூனிகோடு முறையில் தமிழ் இடம்பெற்றது. 1998-இல் மதுரைத் திட்டமும், 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் தோன்றின. பழந்தமிழ் நூல் ஒன்றைத் தேடி நகரத்து நூலகத்துக்குப் பேருந்து ஏறவேண்டிய நிலை குறைந்தது. 2013 ஜூலையில் தந்தி விடைபெற்றபோது, கைப்பேசி அதன் இடத்தை முன்னரே கைக்கொண்டிருந்தது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழிவகுத்தது. அது தாளில் விண்ணப்பம் எழுதிய காலம். இன்று விண்ணப்பம் திரைக்கு ஏறிவிட்டது. 2025 ஏப்ரலில் 'கே-ஸ்மார்ட்' முறை ஊராட்சிகளுக்கும் வந்தது. வெற்றுத்தாள் எம்மொழியையும் ஏற்கும். திரையின் கட்டங்களோ, அமைத்தவர் வகுத்த மொழியிலேயே வினவும். அம்மொழி அறியாத முதியவர், கையில் கருவி இருந்தும் பிறர் துணையையே நாடுவார். புரியாமல் அளித்த ஓர் ஒப்புதல் ஒருவரது ஓய்வூதியத்தையோ நிலத்தையோ பாதிக்கக்கூடும் என்பதைக் கோப்புகளிடையே பணிபுரிவோர் நன்கறிவர்.

ஆதலின், தாளுக்கு அளித்த உரிமை திரைக்கும் உரியது எனக் கேட்டல் வேண்டும். பிழைப்பு நாடிப் பிறமாநிலங்களில் குடியேறிய நமக்கும் இது பொருந்தும்: வாழும் மண்ணின் மொழியைக் கற்போம், தாய்மொழிக்குரிய இடத்தையும் கேட்டுப் பெறுவோம். தொலைவைக் கருவி வென்றுவிட்டது. மொழியின் உரிமையைக் காப்பது மாந்தர் கடனே.