தண்டுவட மயக்க ஊசியின் முனை வடிவமும் நோயாளர் பாதுகாப்பும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தேனி மாவட்டத்தின் கம்பம், சின்னமனூர், போடிநாயக்கனூர்ப் பகுதிகளில் மட்டுமன்றித் தமிழகமெங்கும், சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் பின்னாளில் வரும் இடுப்புவலிக்கு ‘முதுகில் போட்ட ஊசி’யைக் காரணமாகக் கூறுவது வழக்கம். நீண்டகால முதுகுவலிக்கு அவ்வூசியே காரணம் என்பதை மருத்துவ ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஆனால், ஊசி போட்ட சில நாள்களுக்குள் தோன்றும் ஒருவகைக் கடுந்தலைவலி ஊசியால் விளைவதே. அது ஊசியின் பருமனையும் முனை வடிவத்தையும் சார்ந்தது என்னும் அறிவு உருவான வரலாற்றையும், அவ்வறிவு நடைமுறையாவதில் நேரும் காலத்தாழ்வையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கீல் நகரச் சோதனை

ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் குயின்கே, இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி மூளைத்தண்டுவட நீரை எடுக்கும் முறையை 1891இல் அறிவித்தார். சாய்வாக வெட்டப்பட்ட கூர்முனை ஊசி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1898 ஆகஸ்ட் 16 அன்று கீல் நகரில் ஆகஸ்ட் பீர் அவ்வழியே கொக்கைன் செலுத்தி அறுவைச் சிகிச்சை செய்தார். எட்டு நாள்களுக்குப் பின் தம் உடலிலேயே அதனைச் சோதிக்க முற்பட்டபோது, மருந்துக்குழல் ஊசியில் பொருந்தாமையால் தண்டுவட நீர் மிகுதியாக ஒழுகியது. தொடர்ந்து 9 நாள்கள் அவர் தலைவலியுற்றார். படுத்தால் அது தணிந்தது. நீரிழப்பையே அதற்குக் காரணமாக அவர் ஊகித்தார். ஆகவே, இம்மயக்க முறையும் அதன் பக்கவிளைவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அறியப்பட்டன எனலாம்.

முனை வடிவ மாற்றம்

உறையை வெட்டாமல் விலக்கிச் செல்லும் முனை வேண்டும் என்னும் கருத்தை 1920களில் கிரீன் முன்வைத்தார். 1951இல் ஹார்ட், விட்டேக்கர் இருவரும் பென்சில் முனை போன்ற, பக்கத்துளை கொண்ட ஊசியை அறிமுகப்படுத்தினர். 10,098 தண்டுவட மயக்கங்களை ஆராய்ந்து 1956இல் வாண்டம், டிரிப்ஸ் வெளியிட்ட ஆய்வு, ஊசி தடிமனாக இருக்குமளவு தலைவலியும் மிகுவதைக் காட்டியது. 1987இல் ஸ்ப்ராட்டே வடிவம் வந்தது. 110 சோதனைகளைத் தொகுத்து 2018இல் லான்செட் இதழில் வெளியான பகுப்பாய்வு, கூர்முனை ஊசியால் 11.0 விழுக்காட்டினருக்கும் பென்சில் முனை போன்ற ஊசிகளால் 4.2 விழுக்காட்டினருக்கும் தலைவலி ஏற்பட்டதாகக் கணக்கிட்டது.

இதன் காரணம் பற்றிய விளக்கமும் மாறியுள்ளது. உறையின் இழைகள் நெடுக்குவாட்டில் அமைந்தவை எனவும், பென்சில் முனை அவற்றைச் சேதமின்றி விலக்குகிறது எனவும் முன்னர் கருதப்பட்டது. பின்வந்த மின்னணு நுண்ணோக்கி ஆய்வுகள், இழைகள் பல திசைகளில் படிந்திருப்பதையும், பென்சில் முனை ஏற்படுத்தும் துளை ஒழுங்கற்ற கிழிவாக இருப்பதையும் காட்டின. அக்கிழிவு தூண்டும் அழற்சியே துளை விரைந்து அடைபட உதவுகிறது என்பது இன்று முன்வைக்கப்படும் கருத்தாகும்.

வடிவத்தின் எல்லை

வடிவம் மட்டுமே பாதுகாப்பைத் தந்துவிடாது. பென்சில் முனை ஊசியின் துளை நுனிக்குச் சற்றுப் பின்னே இருப்பதால், அதனைச் சிறிது கூடுதல் ஆழம் செலுத்த நேர்கிறது. இவ்வகை ஊசிகளுக்குப் பின் தண்டுவடத்தின் கீழ்நுனி பாதிக்கப்பட்ட 7 பேரைப் பற்றி 2001இல் பிரிட்டனில் ரெனால்ட்ஸ் எழுதினார். எந்த முள்ளெலும்பு இடைவெளியில் குத்துவது என்னும் மருத்துவரின் தேர்வும் ஊசியின் வடிவத்திற்கு இணையாக முதன்மை பெறுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கும் ஊசித் தேர்வும்

இத்தலைவலி பெரும்பாலும் முதல் மூன்று நாள்களுக்குள் தொடங்கும். எழுந்து அமர்ந்தால் மிகும். அமர்ந்து பாலூட்ட இயலாத தாய்க்கு இது சிறு துன்பமன்று. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் சென்று திரும்பும் கூலிப் பெண்களுக்கு நிமிர்ந்திருத்தலே பிழைப்பு. தலைவலி தணியாதபோது, நோயாளியின் இரத்தத்தையே எடுத்து உறைக்கு வெளியே செலுத்தித் துளையை அடைப்பதற்கு மயக்கவியல் மருத்துவர் தேவை. வீடு திரும்பிவிட்டவர் அதற்காக மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கி.மீ.; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ள க.விலக்கு, அதற்கும் அப்பால் ஆண்டிபட்டிச் சாலையில் உள்ளது.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்ட பின், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளும் பொருள்களும் மையமாகக் கொள்முதல் செய்யப்படுகின்றன. தட்டுப்பாட்டைக் குறைத்த இம்முறையில், ஊசி முனையின் தேர்வு மருத்துவரின் விருப்பத்தோடு கொள்முதல் பட்டியலையும் சார்ந்ததாகிறது. பென்சில் முனை ஊசி கூர்முனை ஊசியினும் விலை கூடியது. அவ்விலை வேறுபாடு கணக்கேட்டில் பதிவாகிறது. தாய் இழந்த கூலியும் குழந்தை இழந்த பாலும் அதில் பதிவாவதில்லை.

முடிவுரை

பீர் உற்ற தலைவலிக்கும் விட்டேக்கர் ஊசிக்கும் இடையே 53 ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளி அறிவு வளர்வதற்கானது. அதன் பின்னும் கூர்முனை ஊசி நிலைத்திருப்பதை அறியாமையால் விளக்க இயலாது. விலையும் பழக்கமும் கொள்முதல் முறையும் அதற்குக் காரணங்களாகின்றன. எனவே, தண்டுவட மயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களோடு நில்லாமல், மாவட்ட மருத்துவமனைகளின் இருப்புப் பதிவேடுகளையும் சான்றாகக் கொள்ள வேண்டும். எந்த ஊசி எந்த ஆண்டில் கம்பம் பள்ளத்தாக்கை அடைந்தது என்பதை அப்பதிவேடுகளிலிருந்தே நிறுவ இயலும்.