ஏரி வாரியம் (உத்திரமேரூர்)

சோழர் காலத்தில் உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்தில் ஏரிப் பணிகளை நடத்திய சபைக் குழு. இவ்வூரின் பெரிய ஏரி பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம். வாரிய விதிகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் உள்ளன.

குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் தேர்வானவர்களுள் 6 பேர் இவ்வாரியத்தில் 360 நாள் பணியாற்றினர். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவையும் தேவை. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கு இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

பொறுப்பைச் சுழற்சியில் வைத்ததும் கணக்குக் கேட்டதும் இதன் வலிமை. நிலமற்ற உழைப்பாளியைத் தேர்வுக்கு வெளியே நிறுத்தியது பெருங்குறை.